ஜெர்மனியில் வீடு தர மறுப்பு: அங்குள்ள சமத்துவச் சட்டம் வெளிநாட்டவருக்கும் பொருந்துமா?

சுங்கை சிப்புட் அம்மா:
வணக்கம். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிப் பிழைத்தது. பாட்டனுக்குப் பிறகு கடல் கடந்து போனவள் என் மகள்தான். ஜெர்மனியில் தாதியாக இருக்கிறாள். சென்ற மாதம் அவள் ஒரு வாடகை வீட்டைப் பார்க்க விரும்பி மின்னஞ்சல் அனுப்பியபோது, வீடு ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. அன்று மாலையே அவளுடன் வேலை செய்யும் ஜெர்மானியப் பெண் தன் பெயரில் எழுதிக் கேட்டபோது, மறுநாளே வந்து பார்க்கலாம் என்றார்கள். "இந்தியர் வேண்டாம்" என்ற வாடகை விளம்பரங்களை இங்கே பார்த்துப் பழகிய எனக்கு இது புதிதல்ல; ஆனால் குடியுரிமை இல்லாத அவளுக்கு அந்நாட்டுச் சட்டம் துணை நிற்குமா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

ஈப்போ வழக்கறிஞர்:
நிற்கும், அக்கா. ஐரோப்பிய ஒன்றியம் 2000ஆம் ஆண்டில் இயற்றிய 2000/43 என்ற இனச் சமத்துவ நெறியாணை (உறுப்பு நாடுகள் தத்தம் சட்டத்தில் கொண்டுவர வேண்டிய விதித்தொகுப்பு), வேலைக்கு மட்டுமன்றி, கல்விக்கும் பொதுவில் விளம்பரப்படுத்தப்படும் வீடுகளுக்கும் பொருந்தும். அதே ஆண்டின் 2000/78 நெறியாணை மதம், வயது, ஊனம், பாலியல் நாட்டம் ஆகியவற்றைக் காத்தாலும் வேலை, தொழில் என்ற எல்லையைத் தாண்டுவதில்லை என்பதால், உங்கள் மகளுக்கு உதவுவது முதலாவதுதான். குடியுரிமையைக் காரணம் காட்டி வேறுபடுத்துவதை அது தடுக்காது. ஆனால் இன மூலத்தைக் காரணமாக்கி மறுத்தால், மறுக்கப்பட்டவர் எந்நாட்டவராயினும் பாதுகாப்பு உண்டு.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது நிரூபிக்கும் பொறுப்பைப் பற்றிய விதி. பாகுபாடு நடந்திருக்கலாம் என்று எண்ண வைக்கும் உண்மைகளை அவள் காட்டினால் போதும்; அதன் பிறகு, இனம் காரணமல்ல என்று மெய்ப்பிக்க வேண்டியவர் வீட்டுக்காரரே. ஜெர்மனியின் 2006ஆம் ஆண்டுச் சமநடத்தைச் சட்டத்திலும் 22ஆவது பிரிவாக இது உள்ளது. தோழி எழுதிப் பார்த்தது வெறும் சமயோசிதம் அல்ல. பிரான்சில் இத்தகைய சோதனையைக் குற்றவியல் சட்டமே 2006இல் சான்றாக ஏற்றுக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தின் போக்கை அறிய ஒரு வழக்கு: பல்கேரியாவின் துப்னித்சா நகரில் ரோமா என்ற சிறுபான்மை இன மக்கள் வாழும் பகுதியில் மட்டும் மின்மானிகளை ஆறேழு மீட்டர் உயரத்தில் மாட்டியிருந்தார்கள். அங்கே கடை வைத்திருந்த பெண் ரோமா இனத்தவர் அல்லர். ஆயினும் அந்த நடைமுறையால் அவரும் பாதிக்கப்படுவதால் அவரும் முறையிடலாம் என்று அந்நீதிமன்றம் 2015இல் கூறியது.

பழைய சங்கத்து ஆள்:
வழக்கறிஞர் தம்பி சொன்னது சரி, ஆனால் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன, தங்கச்சி. ஜெர்மானியச் சட்டத்தின்படி, மறுப்பு நடந்ததிலிருந்து இரண்டு மாதத்திற்குள் இழப்பீட்டுக் கோரிக்கையை வீட்டுக்காரரிடம் தெரிவித்துவிட வேண்டும். நாள் கடந்தால் எவ்வளவு நல்ல சான்றும் பயனற்றுப்போகும். அடுத்தது, வீட்டுக்காரர் அதே வளாகத்தில் வசித்தால், அத்தகைய வீட்டுக்கு இந்தத் தடை பொருந்தாது என்ற 19ஆவது பிரிவின் விலக்கை எடுத்துக்காட்டித் தப்பிக்க முயல்வார். அவர் எங்கே வசிக்கிறார்? பெர்லினிலுள்ள கூட்டரசுப் பாகுபாடு எதிர்ப்பு அலுவலகம் இலவசமாக ஆலோசனை தரும்; ஆனால் அவளுக்காக வழக்குத் தொடுக்காது.

நம் நாட்டோடு ஒப்பிட்டுப் பெருமூச்சு விடாமல் இருக்க முடியவில்லை. அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு சமத்துவம் பேசுகிறது. ஆயினும் அது அரசை மட்டுமே கட்டும், தனியார் முதலாளியைக் கட்டாது என்று 2005இல் கருவுற்ற விமானப் பணிப்பெண் ஒருவரின் வழக்கில் கூட்டரசு நீதிமன்றமே தீர்ப்பளித்தது. வேலையிடப் பாகுபாட்டுப் புகாரை விசாரிக்கத் தொழிலாளர் துறைக்கு 2023இல்தான் அதிகாரம் கிடைத்தது. வாடகை வீட்டுக்கு அதுவும் இல்லை.

சுங்கை சிப்புட் அம்மா:
இருவருக்கும் நன்றி. வீட்டுக்காரர் வேறு நகரத்தில் இருக்கிறாராம். மறுப்பு வந்து இன்றோடு 31 நாள் ஆகிறது. இரண்டு மின்னஞ்சல்களையும் தேதி தெரியும்படி அச்செடுத்து வைத்திருக்கிறாள். இந்த வாரமே பதிவுத் தபாலில் கோரிக்கையை அனுப்பச் சொல்லிவிட்டேன்.