உலக சுகாதார அமைப்புகள் அரசு சாராத குரல்களை நிஜமா கேக்கணும்னா என்ன மாறணும்?

கேள்வி:
உலக சுகாதார நிறுவனத்துல அரசு சாராத அமைப்புகளோட எப்படி பழகணும்னு 2016ல ஃபென்சா விதிமுறை வந்துச்சு, 2023ல தொண்டு அமைப்புகள், மக்கள் குழுக்களோட கருத்தைக் கேக்க சிவில் சொசைட்டி கமிஷன் ஆரம்பிச்சாங்க, 2024ல உறுப்பு நாடுகள் கூடற உலக சுகாதார பேரவைல மக்கள் பங்கேற்பு பத்தி தனியா ஒரு தீர்மானமே போட்டாங்க. இவ்ளோ இருந்தும் நோயாளி சங்கங்கள்ல இருக்கறவங்க கிட்ட பேசினா, போனோம் பேசினோம் வந்தோம், அவ்ளோதான்ங்கறாங்க. எங்க இடிக்குது? தெரிஞ்சவங்க விளக்குங்க ப்ளீஸ்.

பதில் 1:
பேரவைல அரசு சாராத அமைப்புகள் வாசிக்கற அறிக்கைகளை எழுதற வேலைல நான் இருந்திருக்கேன். பிரச்சினை நேரம்தான், ஆனா எத்தனை நிமிஷம்ங்கறது இல்ல, எப்பங்கறது. ஜெனீவா பேரவைல நாடுகள் எல்லாம் பேசி முடிச்ச பிறகுதான் நமக்கு மைக் வரும், அறிக்கையை முன்கூட்டியே அனுப்பிடணும், ஒரு வார்த்தை நீண்டாலும் சிவப்பு விளக்கு எரியும். அதைக்கூட பொறுத்துக்கலாம், ஆனா தீர்மானத்தோட வாசகத்தை நாடுகள் பெரும்பாலும் அதுக்கு முன்னாடியே தனியா உக்காந்து பேசி முடிச்சிருப்பாங்க. முடிவான பேப்பரைப் பாத்து கருத்து சொல்லி என்ன மாறப்போகுது? வரைவு எழுதும்போதே கூப்பிடணும், சொன்னதுல எதை எடுத்துக்கிட்டாங்க எதை விட்டாங்க ஏன்னு எழுத்துல பதில் வரணும்.

பதில் 2:
மேல சொன்னதோட உடன்படறேன், ஆனா ஓட்டு இல்லாம எதுவும் நடக்காது. எய்ட்ஸ், காசநோய், மலேரியா ஒழிப்புக்கு நாடுகளுக்கு நிதி கொடுக்கற குளோபல் ஃபண்டோட போர்டைப் பாருங்க. ஓட்டு இருக்கிற 20 இடத்துல 3 இடம் தொண்டு நிறுவனங்கள், மக்கள் பக்கம்: வளரும் நாட்டு தொண்டு நிறுவனங்கள், வளர்ந்த நாட்டு தொண்டு நிறுவனங்கள், அப்புறம் இந்த மூணு நோயால பாதிக்கப்பட்ட மக்கள். பணம் கொடுக்கிற அணி, பணம் வாங்கி திட்டம் நடத்தற அணி (இந்த மூணு இடமும் இதுலதான்), ரெண்டுலயும் மூணுல ரெண்டு பங்கு ஆதரவு இருந்தாதான் ஒரு முடிவு நிறைவேறும், அதனால மூணே இடம்னாலும் அவங்களை ஒதுக்கிட்டு போறது சுலபம் இல்ல. ஐநாவோட எய்ட்ஸ் அமைப்பான யுஎன்எய்ட்ஸ் போர்டுல 5 தொண்டு நிறுவனப் பிரதிநிதிகளுக்கு ஓட்டு கிடையாது, ஆனா வருஷா வருஷம் அவங்களே ஒரு விஷயத்தை எடுத்து அறிக்கை வைப்பாங்க, அது அஜெண்டாலயே வரும், போர்டு விவாதிச்சே ஆகணும். பேரவைல கடைசில கிடைக்கிற கொஞ்ச நேரத்தோட இதை ஒப்பிடவே முடியாது.

பதில் 3:
ஒரு எச்சரிக்கை. கதவைத் திறந்தா யார் உள்ள வர்றாங்கன்னும் பாக்கணும். ஃபென்சால தொண்டு நிறுவனம், தனியார் துறை, அறக்கட்டளை, கல்வி நிறுவனம் நாலுமே வரும், கம்பெனிகளோட சர்வதேச தொழில் கூட்டமைப்புகளும் அதிகாரப்பூர்வ உறவு, அதாவது பேரவைல கலந்துக்கிட்டு பேசற அங்கீகாரம், வாங்கலாம். புகையிலை, ஆயுதத் தொழிலுக்கு மட்டும்தான் முழுத் தடை. கம்பெனி காசுல ஓடற நோயாளி சங்கம் தன் பேருல பேசினா எப்படி கண்டுபிடிப்பீங்க? யார் காசுன்னு பேசறதுக்கு முன்னாடியே சபைல எல்லாருக்கும் தெரியற மாதிரி இருக்கணும். அதுக்காக எல்லாரையும் சந்தேகப்பட்டு வாசல்ல நிறுத்துங்கன்னு சொல்லல.

கேள்வி கேட்டவர்:
நன்றி எல்லாருக்கும். பதில் 1, எழுத்துல பதில்னீங்களே, நூத்துக்கணக்குல அறிக்கை வந்தா அது சாத்தியமா?

பதில் 1:
ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா வேண்டாம், ஒரே கோரிக்கையை பல பேர் சொல்லியிருப்பாங்க, தலைப்பு வாரியா தொகுத்து ஒரு பதில் போதும். அதை அடுத்த வரைவோட சேத்தே வெளியிடணும், அப்பதான் இன்னொரு தடவை அழுத்த முடியும். முக்கியமா சின்ன அமைப்புகளுக்கு பயணச் செலவும் மொழிபெயர்ப்பும் கொடுங்க, இல்லேன்னா ஜெனீவால ஆபீஸ் வச்சிருக்கிறவங்க குரல்தான் எப்பவும் முதல்ல கேக்கும்.