மறு: ரேடியல் எஞ்சினுக்குத் தமிழில் என்ன பெயர்? (180 வெள்ளி போன கதை)

[பீடோங், கெடா]

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

போன மாதம் இங்கே ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு ஆளே காணாமல் போனேன், மன்னிக்க வேண்டும். இடையில் ஒரு பார்சல் வந்து என்னைக் கவிழ்த்துவிட்டது.

செம்பனை ஆலையில் முப்பத்தொரு ஆண்டு பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கை சும்மா இருக்க மறுக்கிறது. பழைய விமானங்களின் மூக்கில் உருளைகள் (சிலிண்டர்கள்) வட்டமாக விரிந்திருக்குமே, அந்த ரேடியல் எஞ்சினின் ஒப்புருவை (மாடலை) பெரிய அளவில் கட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. இணையத்தில் வாங்கித் தருவது அக்காள் மகன். அவனிடம் தமிழில் சீட்டு எழுதிக் கொடுத்தேன்: "சுழல் பொறி, பெரியது, உள்ளே எல்லாம் தெரிய வேண்டும்." பையன் கெட்டிக்காரன். சுழல் என்றால் ரோட்டரி என்று தேடி, 180 வெள்ளி (ரிங்கிட்) கட்டி வரவழைத்துவிட்டான். பெட்டியைப் பிரித்தால் முனை மழுங்கிய முக்கோணத் துண்டுகள் இரண்டு. வாங்கெல் எஞ்சின்! காரில் வைப்பது. விற்றவர் மேல் குற்றமில்லை, பையன் மேலும் இல்லை. என் சீட்டில்தான் குற்றம்.

"சுழல்" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று பொருள்கள் மோதிக்கொள்கின்றன. ரேடியலில் உருளைகள் விமானத்தோடு இறுக்கமாக நிற்கும், நடுவில் வணரித்தண்டு (கிராங்க் ஷாஃப்ட்) மட்டும் சுழலும். முதல் உலகப் போர்க்கால ரோட்டரியில் நேர்மாறு: வணரித்தண்டு விமானத்தோடு முடுக்கப்பட்டிருக்கும், உருளைகள் அத்தனையும் விசிறியோடு சேர்ந்து சுற்றும். நோம், லெ ரோன், கிளெர்ஜே எல்லாம் அந்த வகை. (அவற்றுக்கு மசகு ஆமணக்கெண்ணெய். எரியாத எண்ணெய் விமானியின் முகத்தில் அடிக்கும். மாதம் ஒரு முறை பாட்டி மூக்கைப் பிடித்து அதை ஊற்றிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த விமானிகளின் வயிற்றுப்பாட்டை விளக்க வேண்டியதில்லை.) மூன்றாவது வாங்கெல். அதில் உருளையே கிடையாது. வெளியிலிருந்து பார்த்தால் முதல் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது, ஓடவிட்டால்தான் தெரியும். அதனால் பெயர்தான் அந்த வேறுபாட்டைச் சொல்ல வேண்டும்.

எனக்கு ஏன் இந்தப் பைத்தியம் என்று மனைவி கேட்பது போல் நீங்களும் கேட்கலாம். இங்கிருந்து சுங்கைப்பட்டாணி பக்கம். 1941 டிசம்பர் 8 அன்று அங்கிருந்த விமானத்தளத்தில் ஜப்பானியர் குண்டு போட்டார்கள். தளத்தில் நின்றவை பஃபலோ விமானங்களும் பிளெனிம் விமானங்களும். பஃபலோவில் ரைட் சைக்ளோன், பிளெனிமில் பிரிஸ்டல் மெர்க்குரி, இரண்டும் 9 உருளை ரேடியல்கள். குண்டு போட வந்தவர்களுடையதும் ரேடியல்தான். பால் மரம் வெட்டிக்கொண்டிருந்த தாத்தா வாளியைப் போட்டுவிட்டு வாய்க்காலில் படுத்துக்கொண்டாராம். அந்தச் சத்தத்தைத் தொண்டையாலேயே செய்துகாட்டுவார். எனக்கு வேண்டியது அந்த சைக்ளோன்.

தேடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. ஒப்புரு அசலில் எத்தனையில் ஒரு பங்கு என்பதைத்தான் 1/8, 1/32 என்று குறிப்பார்கள். 1/8 என்பது 1/32ஐ விடப் பெரியது. கீழ் எண் சிறுக்கச் சிறுக்க ஒப்புரு பெருக்கும். சைக்ளோனின் விட்டம் ஏறத்தாழ 1.4 மீட்டர். 1/48இல் அது 29 மில்லிமீட்டர், நம் பழைய 50 சென் நாணயத்தை விடக் கொஞ்சம் பெரிது. 1/32இல் 44, 1/24இல் 58. உருளைகளின் குளிர்விதகடுகளை நகத்தால் தடவி உணர வேண்டுமானால் 1/8 வேண்டும். 175 மில்லிமீட்டர், ஒரு பசியாறும் தட்டு. அந்த அளவில் எஞ்சின் மட்டும் தனிப் பெட்டியாகக் கிடைப்பது அரிது. முழு விமானத்தை வாங்கி மூக்கைக் கழற்றுவதுதான் எளிய வழி. ஒப்புரு நிறுவனமான ஏர்ஃபிக்ஸ் 2019இல் வெளியிட்ட 1/24 ஹெல்கேட் விமானத்துக்குள் 18 உருளை டபுள் வாஸ்ப் இருக்கிறது. டாமியாவின் 1/32 கார்சேரிலும் அதே எஞ்சின். ஹசெகாவா 1/8இல் வெளியிட்ட கேமலும் ஃபாக்கர் மூவிறக்கையும் கண்ணைப் பறிக்கும், ஆனால் அவை ரோட்டரி விமானங்கள். பார்த்து வாங்குங்கள்.

பெயருக்கு வருகிறேன். என் முன்மொழிவு "ஆரக்கால் பொறி". மாட்டு வண்டிச் சக்கரத்தில் நடுவே குடம், சுற்றி வட்டை, இரண்டையும் இணைப்பது ஆரக்கால். எஞ்சினில் குடத்தின் இடத்தில் வணரிக்கூடு, ஆரக்காலின் இடத்தில் உருளை. மலாய் மொழியிலும் வட்டத்தின் ஆரத்துக்கு ஜெஜாரி, சக்கரத்தின் ஆரக்காலுக்கும் அதே சொல். மாற்றுக்கருத்து இருந்தால் தாராளமாக அடியுங்கள்.

[கூலிம்]

ஐயா, அடிக்கச் சொன்னீர்கள், அடிக்கிறேன். வண்டி ஓடினால் ஆரக்கால் சுற்றும். ரேடியலில் உருளை சுற்றாது. உங்கள் சொல் ரோட்டரிக்குத்தான் அச்சாகப் பொருந்துகிறது. இந்தப் பெயரோடு சீட்டு எழுதினால் அடுத்த பார்சலும் தப்பாகத்தான் வரும்.

ஜெர்மானியர், பிரெஞ்சுக்காரர், ஜப்பானியர், சீனர் எல்லாரும் இதை நட்சத்திரத்தோடு ஒப்பிட்டே அழைக்கிறார்கள். நாமும் "விண்மீன் பொறி" என்றால் என்ன?

இன்னொன்று. 9 உருளை ரேடியலில் ஒரே ஒரு இணைப்புத்தண்டுதான் (கனெக்டிங் ராட்) வணரியை நேராகப் பிடிக்கிறது. மற்ற எட்டும் அதன் தலையில் ஊசியிட்டுக் கோத்தவை. ஆங்கில நூல்களில் முதலாவது எசமானன், மற்றவை அடிமைகள். தமிழில்?

[தைப்பிங்]

தம்பிமார் இருவருக்கும் வணக்கம்.

என் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே கிராணியாக வந்தவர். எங்கள் வீட்டில் வட்டத்தின் ஆரத்தை ஆரை என்றுதான் சொல்வோம், இலங்கைப் பாடநூல்களிலும் ஆரைதான். "ஆரைப்பொறி" என்று சுருக்கமாக வைத்துக்கொள்ளலாமே. சுற்றுகிறதா நிற்கிறதா என்ற சண்டையில் அந்தச் சொல் தலையிடாது. "ஆரப்பொறி" என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். எனக்கு நகைக்கடை நினைவு வருகிறது.

[பீடோங், கெடா]

அக்கா, தம்பி, இருவருக்கும் நன்றி.

கூலிம் தம்பி அடித்த அடி சரியான இடத்தில் விழுந்தது. மூன்று நாள் தப்பிக்க வழி தேடினேன், சிக்கவில்லை. ஆரக்காலைக் கைவிடுகிறேன். ஆனால் விண்மீன் வேண்டாம். விமானத்துக்குப் பக்கத்தில் "விண்" வந்தால் செய்தித்தாள் படிப்பவர் செயற்கைக்கோள் என்றே நினைப்பார். தவிரவும் நட்சத்திரம் உருவத்தை மட்டும் சொல்கிறது, அமைப்பைச் சொல்வதில்லை.

தண்டு விஷயம். தோட்ட லயத்தில் பிறந்தவன் நான். "அடிமைத் தண்டு" என்று எழுத எனக்குக் கை வராது. பழைய ஆலைத் தோழர் ஒருவரிடம் கேட்டேன். "ஒன்று பிடித்து இழுக்கிறது, எட்டு அதன் பின்னால் ஓடுகிறது என்றால் அது மண்டோர் தண்டு" என்றார் (மண்டோர் என்றால் தோட்டத்துக் கங்காணி). சிரித்து முடித்துவிட்டு "தாய்த்தண்டு, கிளைத்தண்டு" என்று எழுதி வைத்திருக்கிறேன். படத்தைப் பாருங்கள், அடிமரத்திலிருந்து கிளை பிரிவது போலத்தான் இருக்கிறது.

ஒரே அடுக்கில் உருளைகள் ஏன் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்று தனி மடலில் ஒருவர் கேட்டிருந்தார். பந்தியில் வட்டமாக ஒன்பது இலை போட்டு, ஒன்று விட்டு ஒன்றாகப் பரிமாறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 1, 3, 5, 7, 9 என்று போனவர் அப்படியே 2, 4, 6, 8 என்று வருவார். இரண்டு சுற்றில் எல்லா இலைக்கும் சோறு விழுந்துவிடும், இடைவெளியும் மாறாது. நான்கு வீச்சுப் பொறியில் ஒவ்வோர் உருளையும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் எரியும் என்பதால் கணக்கு ஒத்துப்போகிறது. எட்டு இலையானால் 1, 3, 5, 7 முடிந்து மறுபடி 1க்கே வந்து நிற்பார். நான்கு பேர் பட்டினி.

அக்காளின் ஆரை மேல் எனக்கு முதலில் ஐயம் இருந்தது, எங்கள் பக்கத்தில் வழங்காத சொல்லாயிற்றே என்று. நேற்றுக் காலை வயல் வரப்பில் நடந்தபோது வாய்க்கால் ஓரத்தில் ஆரைக்கீரை படர்ந்திருந்தது. ஒரு காம்பைக் கிள்ளிக் கையில் வைத்துப் பார்த்தேன். காம்பு நுனியில் ஒரு புள்ளி, அதிலிருந்து நாலா பக்கமும் இலை. இலை அசையாமல் நிற்கிறது, விரலிடுக்கில் காம்பைத்தான் உருட்ட முடிகிறது. உருட்டினால் இலையும் கூடவே சுற்றுகிறது என்று தம்பி எழுதுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். இலை நான்குதான், பொறிக்கு ஒன்று குறைய வேண்டும் அல்லது கூட வேண்டும், அதுவும் தெரியும். இருந்தாலும் சொல் என் நாவில் ஒட்டிக்கொண்டது.

ஆக என் பட்டியலில் ரேடியல் ஆரைப்பொறி, பழைய ரோட்டரி சுழலுருளைப் பொறி. வாங்கெல் அவர் பெயரிலேயே இருக்கட்டும். அக்காள் மகனுக்குப் புதுச் சீட்டு எழுதியாகிவிட்டது: "ஆரைப்பொறி, 9 உருளை, 1/8, உருளை சுற்றக் கூடாது." கடைசி மூன்று சொற்களுக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

முக்கோணம் இரண்டும் பெட்டியோடு அப்படியே இருக்கின்றன, பாகம் எதுவும் குறையவில்லை. கெடாவுக்குள் யாருக்காவது வேண்டுமானால் 100 வெள்ளிக்குத் தருகிறேன்.