டாக்டர் ஹூ டைட்டில் இசை: 1963-இல் ஏது சிந்தசைசர்?

மேகமூட்டம்:
பிபிசியில் 1963-இல் தொடங்கிய டாக்டர் ஹூ அறிவியல் புனைகதைத் தொடரை முதல் வருடத்திலிருந்து முழுக்கப் பார்த்து முடித்துவிட்டேன். 2018-இல் இசையமைப்பாளர் செகுன் அகினோலா டைட்டில் இசையை மாற்றியபோது எல்லோரும் ஆகா ஓகோ என்றார்கள். அப்படி என்ன செய்துவிட்டார்? 1963-இன் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியின் சத்தத்தைத் தூசி தட்டி, அடியில் பேஸ் என்ற கனத்த கீழ் ஒலியைக் கொஞ்சம் ஏற்றினார், அவ்வளவுதான். 2023-இல் பழைய இசையமைப்பாளர் மர்ரி கோல்ட் திரும்பி வந்து ஆர்கெஸ்ட்ராவும் கோரஸும் சேர்த்த பிறகுதான் அந்த மெட்டுக்கு உயிரே வந்தது. பழைய கீச்சொலியைக் கும்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் இனியாவது காதைத் திறக்கட்டும்.

ஸ்பூல்நாடா:
1963-இல் எந்தச் சிந்தசைசர்? பெயரைச் சொல்லுங்கள். மூக் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், ராபர்ட் மூக் தன் முதல் சிந்தசைசர் மாதிரியைக் காட்டியதே 1964-இல்தான்.

தெரியாவிட்டால் நான் சொல்கிறேன். இசையமைப்பாளர் ரான் கிரெய்னர் எழுதிக் கொடுத்தது மெட்டும், 'மேகம்', 'காற்றுக் குமிழி' என்பது மாதிரி சில குறிப்புகளும். அதை வைத்துக்கொண்டு லண்டன் மைடா வேலில், பிபிசியின் ஒலிப் பரிசோதனைக்கூடமான ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப்பில், டெலியா டெர்பிஷயர் டிக் மில்ஸின் உதவியோடு ஒவ்வொரு ஸ்வரமாகச் செய்தார். நீங்கள் அலட்சியமாகச் சொல்லும் அந்தப் பேஸ், ஒற்றைத் தந்தியை மீட்டிய ஒலி. அதை ஒலிநாடாவில் பதிந்து, வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஸ்வரங்கள் எடுத்து, பிளேடால் வெட்டி வெட்டி ஒட்டினார்கள். மேலே ஊளையிட்டு வரும் மெட்டு, மின் அலையால் ஒலி எழுப்பும் ஆஸிலேட்டர் கருவியின் குமிழைக் கையால் திருப்பித் திருப்பி எடுத்தது. பல தடங்களில் பதியும் கருவி அன்று அவர்களிடம் கிடையாது. தனித்தனி நாடாக்களைத் தனித்தனி இயந்திரங்களில் மாட்டி, ஒரே நொடியில் ஓடவிட்டுக் கலந்தார்கள். எங்கோ ஒரு ஸ்வரம் பிசகியபோது, நாடாக்களை நீளமான நடைவழியில் தரையில் விரித்து, ஒட்டுக்கு ஒட்டு ஒப்பிட்டுத் தப்பைத் தேடினார்களாம்.

என் அப்பா திருநெல்வேலியில் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தார். ஸ்பூலில் ஒட்டுப் போட்டால் 'டப்' என்று கேட்காமல் இருக்கச் சாய்வாக வெட்ட வேண்டும். பத்து வயதில் நானே வெட்டிக் கையைக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு முழு டைட்டில் இசையையும் அப்படிச் செய்தவரின் உழைப்பை 'சிந்தசைசர்' என்று ஒரு வார்த்தையில் முடிக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

நீலப்பெட்டி:
மேகமூட்டம், முழுக்கப் பார்த்தீர்களா? அறுபதுகளின் அத்தியாயங்கள் பலவற்றைப் பிபிசியே அழித்துவிட்டது. அவற்றை எங்கே பார்த்தீர்கள்?

மேகமூட்டம்:
கிடைத்ததை எல்லாம் பார்த்தேன், போதுமா? விஷயத்துக்கு வருவோம். சிந்தசைசருக்குள் இருப்பதும் ஆஸிலேட்டர்தான். மேசையில் தனியாக இருந்தால் புனிதம், பெட்டிக்குள் போனால் தீட்டா? மின்சாரத்தில் ஒலி உண்டாக்கினால் அது சிந்தசைசர். மேலும் ஆர்சிஏ மார்க் 2 சிந்தசைசர் நியூயார்க்கில் 1957-லேயே இருந்தது. மூக் கதையை வேறு யாரிடமாவது சொல்லுங்கள்.

ஸ்பூல்நாடா:
அது ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நின்றது கொலம்பியா பல்கலைக்கழகத்தில். மைடா வேலில் இருந்ததா? இல்லை. தந்தியை மீட்டினால் அது ஆஸிலேட்டரா? இல்லை. அப்படியானால் 1963-இல் எந்தச் சிந்தசைசர்?

பாண்டிக்கடை:
ஒரு தகவல். 1972-இல் உண்மையிலேயே சிந்தசைசரில் ஒரு வடிவம் செய்தார்கள். கருவி இஎம்எஸ் நிறுவனத்தின் சிந்தி 100. ஒர்க்‌ஷாப் இருந்தது டெலவேர் சாலை என்பதால் அதற்கு 'டெலவேர்' என்று செல்லப்பெயர். டெலியாவுக்கும் அந்த வேலையில் பங்கு உண்டு. கேட்டவர்களுக்குப் பிடிக்காமல் தூக்கிப் போட்டார்கள். ஆஸ்திரேலியாவுக்குப் போன சில பிரதிகளில் மட்டும் அது தவறி ஒட்டிக்கொண்டது.

மேகமூட்டம்:
பார்த்தீர்களா, டெலியாவே சிந்தசைசரைத் தொட்டிருக்கிறார். நன்றி பாண்டிக்கடை.

ஸ்பூல்நாடா:
1972! நான் கேட்டது 1963! சிந்தசைசரில் செய்து பார்த்துத் தோற்றுப்போய், பழைய நாடாவுக்கே திரும்பினார்கள் என்பதைத்தான் பாண்டிக்கடை சொல்லியிருக்கிறார். அது என் பக்கத்துக்குச் சாட்சி. சிந்தசைசர் வடிவம் நிலைத்தது 1980-இல், பீட்டர் ஹவல் செய்தபோது. பதினேழு வருடம் கழித்து.

பாண்டிக்கடை:
நான் யார் பக்கமும் சாட்சி சொல்ல வரவில்லை. என் பெயரை இழுக்க வேண்டாம்.

நீலப்பெட்டி:
கோல்ட் உயிர் கொடுத்தார் என்பதற்கு வருகிறேன். 2005-இல் தொடர் மீண்டும் தொடங்கியபோது அவர் செய்த வடிவத்தின் அடியில் இருந்ததே டெலியாவின் ஒலிகள்தான். மேலே தந்தி வாத்தியமும் கொம்பும் பூசினார். ஆனால் மெட்டு திடீரென்று வானம் திறப்பது போல மேலேறுமே, மிடில் எய்ட் என்ற அந்த நடுப்பகுதி, அதை வெட்டிவிட்டார். முடிவு டைட்டிலில் நேரம் போதவில்லையாம். அந்தக் கிறிஸ்துமஸ் அத்தியாயத்தில் பிபிசி வேல்ஸ் தேசிய ஆர்கெஸ்ட்ரா வாசித்தபோதுதான் அது திரும்பி வந்தது. எனக்கு அந்த இடம் இல்லாமல் பாட்டே இல்லை.

ராகமாலிகா:
எல்லோரும் காதைப் பற்றியே பேசுகிறீர்கள், கண்ணுக்கு என்ன கிடைத்தது என்று யாரும் பேசவில்லை. 1963 டைட்டில் காட்சியில் பெர்னார்டு லாட்ஜ் கையாண்டது, கேமராவை அதன் படமே தெரியும் திரைக்கு நேராக நீட்டினால் உண்டாகும் அலை. 2018-இல் பென் பிக்கிள்ஸ் அந்தக் குழம்பும் அலைக்கே திரும்பினார். தொடரின் நாயகப் பாத்திரமான டாக்டராக முதல்முறை ஒரு பெண், ஜோடி விட்டேக்கர், வந்த வருடம் அது. முதல் அத்தியாயத்தில் டைட்டிலே போடாமல் இரண்டாவதில்தான் காட்டினார்கள். அந்தக் காட்சியும் அகினோலாவின் இசையும் சேர்ந்து வந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதைத் தூசி தட்டல் என்பது கண்ணை மூடிக்கொண்டு பேசுவது.

மேகமூட்டம்:
ராகமாலிகா அம்மா, உங்களுக்கு எந்த டைட்டில் வந்தாலும் மயிர்க்கூச்செறியும். 2014 டைட்டில் காட்சியின் கடிகாரச் சக்கரத்துக்கும் இதையேதான் எழுதினீர்கள்.

ராகமாலிகா:
2014-ஐ நீங்கள் எடுக்காமல் இருந்திருக்கலாம். பில்லி ஹான்ஷா என்ற ரசிகர் யூடியூபில் போட்டதை வைத்துத்தான் அந்த டைட்டிலைச் செய்தார்கள் என்று நான் சொன்னபோது, 'வதந்தி' என்று சிரித்தவர் நீங்கள். அப்புறம் அது உண்மை என்று தெரிந்ததும் ஒரு மாதம் ஆளையே காணோம். நான் மறக்கவில்லை.

மேகமூட்டம்:
அப்போது வேலை இருந்தது. சரி, கடைசியாக ஒன்று. இசையமைப்பாளர் கிரெய்னர். ஐம்பது வருடம் திரையில் டெலியாவின் பெயரே இல்லை. மெட்டு போட்டவர் ஒருவர், பொத்தானை அழுத்தியவர் இன்னொருவர்.

ஸ்பூல்நாடா:
பொத்தானா? எந்தப் பொத்தான்? தந்தி, பிளேடு, நாடா என்று எத்தனை முறை சொல்வது!

முடிந்த ஒலியைக் கேட்ட கிரெய்னரே 'இதையா நான் எழுதினேன்?' என்று கேட்டார். இணை இசையமைப்பாளர் என்று டெலியாவின் பெயரையும் போட வேண்டும் என்று முயன்றவரும் அவர்தான். ஒர்க்‌ஷாப்காரர்களுக்குத் தனிப்பெயர் கிடையாது என்று மறுத்தது பிபிசி. டெலியா 2001-இல் இறந்தார். திரையில் பெயர் வந்தது 2013-இல், ஐம்பதாம் ஆண்டுச் சிறப்பு அத்தியாயத்தில். பன்னிரண்டு வருடம் பிந்தி! பெயர் போடாததை ஒரு வாதமாக நீங்கள் நீட்டுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. அகினோலா அந்த நாடாவை மீண்டும் முன்னால் கொண்டுவந்தார். அதற்கே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

பாண்டிக்கடை:
உழைப்பு பெரிது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்பா கடைக் கதையை இதோடு நான்காவது முறை கேட்கிறோம், ஸ்பூல்நாடா. கேசட் பதிந்தவர்கள் எல்லோரும் டெலியா ஆகிவிட முடியாது.

ஸ்பூல்நாடா:
நான் அப்படிச் சொல்லவே இல்லை. அப்பாவைப் பற்றிப் பேச உங்களுக்கு உரிமை இல்லை. அதுவும் கேசட் இல்லை, ஸ்பூல். வித்தியாசம் தெரியாமல் எழுத வேண்டாம்.

மேகமூட்டம்:
ஆஸிலேட்டர் இருந்தது. ஆகவே சிந்தசைசர். என் வரையில் விஷயம் முடிந்தது.

நீலப்பெட்டி:
மிடில் எய்ட் பற்றி நான் எழுதியதற்கு யாருமே பதில் சொல்லவில்லை.

ஸ்பூல்நாடா:
முடியவில்லை, மேகமூட்டம். 1963-இல் மைடா வேலில் இருந்த சிந்தசைசரின் பெயர் என்ன?