திங்களா வெள்ளியா

குழு: ஆச்சி வீட்டுப் பிள்ளைகள்

செந்தில்: எல்லாரும் பாருங்க. மாப்பிள்ளையோட அண்ணன் லண்டன் ஏர்போர்ட்ல இருந்து போட்டிருக்காரு. "ஹாய் செந்தில், கேன் வீ மூவ் வெட்னஸ்டேஸ் ஃபங்ஷன் ஃபார்வர்ட் பை டூ டேஸ்? போர்டிங் நவ்." நான் தம்ஸ் அப் போட்டுட்டேன்

ராஜி: என்னடா சொல்லுதாரு

செந்தில்: திவ்யா நிச்சயதார்த்தத்த ரெண்டு நாள் தள்ளி வைக்கச் சொல்றாரும்மா. வெள்ளிக்கிழமை. சமையல்கார பாண்டி அண்ணன்ட்டயும் சொல்லிட்டேன்

வினோத்: தள்ளி இல்லண்ணே. ப்ரீபோன் பண்ணச் சொல்றாரு. திங்கள்

கோமதி: நாளக்கழிச்சா???

கோமதி: பிளவுஸ் செவ்வாக்கிழமதான் தருவா

செந்தில்: இப்ப அவருக்குக் கேட்டு அனுப்பினா ஒத்த டிக்தான் விழுது. பிளைட்ல இருக்காரு

முத்து: அத்தான் எங்க. இங்கிலீஷ் வாத்தியாரக் கூப்பிடுங்க

அருணாசலம் மாமா: வந்துட்டேன். இதுல குழப்பமே இல்ல. பிரிட்டிஷ்காரன் தேதிய பிரிங் ஃபார்வர்ட்னு சொன்னா முந்திக் கொண்டு வாரதுன்னுதான் அர்த்தம், அமெரிக்கால அதையே மூவ் அப்ம்பான், நாம ப்ரீபோன்ங்கோம், போஸ்ட்போனுக்கு எதிர்ப்பதமா, லத்தீன்ல போனெரேன்னா வைக்கிறது, பின்னால வச்சா போஸ்ட் முன்னால வச்சா ப்ரீ, ஆக்ஸ்போர்டு அகராதியிலயே சேத்தாச்சு ஆனாலும் லண்டன்ல போய்ச் சொன்னா முழிப்பான், அதான் அந்தப் பையன் ஃபார்வர்ட்னு எழுதியிருக்கான். திங்கள்தான்

முத்து: 👏 அப்ப திங்கள்

செந்தில்: மாமா அவரு பிரிங்னு எழுதல. மூவ்னு எழுதிருக்காரு

அருணாசலம் மாமா: ரெண்டும் ஒண்ணுதான்

மீனா: ஒண்ணு இல்லப்பா 😬

மீனா: இந்த வாக்கியத்த வச்சே ஆராய்ச்சி நடந்திருக்கு, எங்களுக்குப் பாடத்துலயே வந்துச்சு. புதன்கிழமை மீட்டிங் ரெண்டு நாள் மூவ்டு ஃபார்வர்ட், இப்ப எந்தக் கிழமைன்னு கேட்டா இங்கிலீஷ்காரங்களே கிட்டத்தட்ட பாதிப் பேர் திங்கள்ம்பாங்க பாதிப் பேர் வெள்ளிம்பாங்க. லீரா போரோடிட்ஸ்கின்னு ஒரு அம்மா இதப் போய் ஏர்போர்ட்ல கேட்டு 2002ல எழுதியிருக்காங்க. அப்பத்தான் பிளைட்ட விட்டு இறங்கினவங்க அதிகமா வெள்ளின்னு சொல்லிருக்காங்க, ஆளக் கூப்பிட வந்து சும்மா நின்னவங்க அந்த அளவுக்குச் சொல்லல. நாம காலத்துல நடந்து போறோம்னு தோணுச்சுன்னா வெள்ளி, காலம் நம்மளப் பாத்து வருதுன்னு தோணுச்சுன்னா திங்கள்

வினோத்: அவரு ஏர்போர்ட்லதான இருந்தாரு. அப்ப வெள்ளி 😂

மீனா: அவரு இறங்கல, ஏறுனாரு. ஏறப் போறவங்க நடுவாந்திரம்

கோமதி: திங்களுக்கும் வெள்ளிக்கும் நடுவாந்திரம்னா புதன்தான. பேசாம புதனே வச்சிருவோம்

அருணாசலம் மாமா: மீனா, அப்பா 34 வருஷம் கிராமர் எடுத்தவன்

ராஜி: அண்ணே கோவப்படாத. தந்தி ஞாபகம் இருக்குல்லா

முத்து: 😂😂😂

வினோத்: என்ன தந்தி

முத்து: உங்க பெரியம்மாவ பொண்ணு பாக்க வந்தோம்ல 1987ல, அப்ப அத்தான் அம்பாசமுத்திரத்துல இருந்த அவங்க சித்தப்பாவுக்கு ஸ்டார்ட் இம்மீடியட்லின்னு ரெண்டே வார்த்தைல தந்தி குடுத்துட்டாங்க, அந்தக் காலத்துல தந்தின்னாலே சாவுதான், அவங்க பன்னெண்டு பேரு மாலையும் கையுமா வேன் பிடிச்சு தெருமுனைலயே ஓன்னு அழுதுகிட்டு வாராங்க, உள்ள நாங்க கேசரி தின்னுட்டு இருக்கோம்

அருணாசலம் மாமா: வார்த்தைக்கு இவ்வளவுன்னு காசு. காரணமெல்லாம் எழுத முடியுமா. தந்தியவே 2013ல மூடியாச்சு நீங்க இன்னும் விட மாட்டேங்கீங்க

ராஜி: நீ மிச்சம் பிடிச்ச காசுக்கு என் மாமியார் கடைசி வர சொல்லிக் காமிச்சாங்க. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு எழவு மாலை வந்த வீடுன்னு

முத்து: மதினி, அம்மா அத விளையாட்டுக்குச் சொன்னது

ராஜி: ஆமா விளையாட்டுக்கு

கோமதி: வினோத்து பாஸ்போர்ட் வந்துச்சாடா. தட்கல்ல போட்டியே

வினோத்: இல்லம்மா போலீஸ் வெரிஃபிகேஷன்ல நிக்கி. ப்ளீஸ் ஸ்பீட் அப்னு மெயில் போட்டேன்

அருணாசலம் மாமா: தப்பு. ஸ்பீட் அப்னா ஏற்கனவே ஓடிட்டு இருக்கத வேகப்படுத்துறது, உன் ஃபைல் நிக்கிதே. ஹரி அப்னும் எழுதிராத அது பிள்ளைகள ஸ்கூலுக்குக் கிளப்புறது. கைண்ட்லி எக்ஸ்பெடைட்னு போடு. லத்தீன்ல பெட்னா கால், சைக்கிள் பெடல் கூட அந்தக் கால்தான், கால்ல கிடக்குற கட்ட அவுத்து விட்டா எக்ஸ்பெடைட், கட்டிப் போட்டா இம்பீட்

முத்து: அத்தான் கால விடுங்க. கிழமையச் சொல்லுங்க

செந்தில்: திங்கள்னா ஏழரை ஒன்பது ராகு காலம். வெள்ளின்னா பத்தரை பன்னெண்டு. நாம புதன்னு நினைச்சு பதினோரு மணிக்கு அழைச்சிருக்கோம். வெள்ளின்னா டைமும் மாத்தணும்

திவ்யா: நான் அவர்ட்ட கேட்டுட்டேன். அவருக்கும் அதே மெசேஜ்தான் வந்திருக்காம். உங்க வீட்ல முடிவு பண்ணிட்டாங்கன்னு உங்க அண்ணனே தம்ஸ் அப் போட்டிருக்காரேங்காரு

செந்தில்: 🙃

திவ்யா: அவங்க வீட்டுக்குப் போன் பண்ணிக் கேட்டா முடிஞ்சுது

அருணாசலம் மாமா: கேக்கக் கூடாது. அன்னைக்கு அவங்க அப்பா இங்கிலீஷ் வாத்தியாரா நீங்கன்னு எந்திரிச்சு கை குடுத்தாரு. இப்ப போய் ஃபார்வர்ட்னா என்னன்னு கேக்கவா

கோமதி: அண்ணாச்சி மானமா என் பிளவுஸான்னா நான் பிளவுஸ்தான் சொல்லுவேன்

மீனா: 😂

ராஜி: நானே சம்பந்தியம்மாட்ட பேசிட்டேன்

செந்தில்: என்ன சொன்னாங்க

ராஜி: ரெண்டு நாள் முன்னாடி தள்ளியிருக்காம்

வினோத்: பெரியம்மா முன்னாடியா தள்ளியா

ராஜி: முன்னாடி தள்ளி

செந்தில்: அம்மா கிழமை கேட்டியா

ராஜி: அவங்க சொன்ன வேகத்துல சரி சரின்னு வச்சிட்டேன். திருப்பிக் கேட்டா நல்லாருக்காது

அருணாசலம் மாமா: முன்னாடின்னா திங்கள். நான் சொன்னதுதான்

முத்து: தள்ளின்னா வெள்ளில்லா அத்தான்

மீனா: அப்பா தமிழ்லயும் அதே கதைதான் 🤦

செந்தில்: பாண்டி அண்ணன் கூப்பிடுறாரு. எந்தக் கிழமைன்னு சொல்லாம பால் சொல்ல முடியாதாம்

ராஜி: நாளைக்குச் சொல்லுதோம்னு சொல்லு

செந்தில்: திங்கள்னா நாளைக்கு சாயங்காலம் காய் வெட்டணும்மா

கோமதி: நான் தைக்கிறவட்ட நாளைக்கே வேணும்னு சொல்லிட்டேன் எதுக்கும் இருக்கட்டும். வினோத்து அந்தக் கைண்ட்லி என்னமோ அத எனக்கும் அனுப்பு, அவளுக்குப் போடுதேன்