கலிஃபோர்னியாவில் வீடு வாங்கியாச்சு, சோலார் போடலாமா?

பே ஏரியாவில் வீட்டுச் சாவி கைக்கு வந்த வேகத்தில் சோலார்காரர்கள் கதவைத் தட்ட ஆரம்பித்துவிடுவார்கள். கையில் ஒரு டேப்லெட், கழுத்தில் ஐடி கார்டு, "உங்க ஏரியாவுக்கு இலவச சோலார் வந்திருக்கு சார், ஒரு பைசா கட்ட வேண்டாம்" என்று ஒரே மூச்சில். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு என்று தனியாகச் சில திட்டங்கள் உண்டு, அவ்வளவுதான். ஐ.டி. சம்பளத்தில் வீடு வாங்கியவருக்கு இலவசம் என்று எதுவும் கிடையாது. வாசலில் நின்றபடி எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், டேப்லெட்டில் விரலால் கிறுக்கினாலும் அது கையெழுத்துதான்.

அடுத்தது ஆபீஸில் பழைய ஆளாக இருக்கும் அண்ணன்மார் சொல்லும் கணக்கு. "போட்ட காசு ஆறே வருஷத்துல வந்துடுச்சு, நீயும் போடு." அவருக்கு வந்தது உண்மைதான். ஆனால் 2023 ஏப்ரல் 15 அன்று இங்கே விதி மாறிவிட்டது. அதற்கு முன் விண்ணப்பித்தவர்களுக்கு நெம் 2 என்ற பழைய விதி: பகலில் கிரிட்டுக்கு, அதாவது பொது மின்வலைக்கு, அனுப்பும் யூனிட்டுக்கு, நாம் வாங்கும் விலையை ஒட்டியே வரவு கிடைக்கும். இப்போது போடுபவர்களுக்கு நெட் பில்லிங் என்ற புது விதி, அதில் விற்கும் விலை வேறு, வாங்கும் விலை வேறு. பே ஏரியாவில் பெரும்பாலும் கரண்ட் தரும் நிறுவனமான பிஜி அண்ட் ஈயிடம் நாம் வாங்கும் யூனிட் நேரத்தைப் பொறுத்து 30 சென்ட்டுக்கு மேல், மாலை 4 முதல் 9 வரை இன்னும் அதிகம். நாம் விற்கும் யூனிட்டுக்குச் சராசரியாக 5 முதல் 8 சென்ட். ஆக, எவ்வளவு உற்பத்தி ஆகிறது என்பதைவிட அதில் எவ்வளவை நாமே பயன்படுத்துகிறோம் என்பதுதான் இப்போது கணக்கு.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். 6 கிலோவாட் சிஸ்டம், வாட்டுக்கு 3 டாலர் என்றால் 18,000 டாலர். பே ஏரியா வெயிலுக்கு வருஷத்துக்குச் சுமார் 9,000 யூனிட் வரும். வாங்கும் விலை 35 சென்ட், விற்கும் விலை 6 சென்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் வேலைக்குப் போய், குழந்தைகள் டேகேரில், வீடு பகல் முழுக்கப் பூட்டிக் கிடந்தால் 40 சதவீதம் சொந்த உபயோகம் ஆவதே பெரிய விஷயம். அப்போது வருஷச் சேமிப்பு சுமார் 1,580 டாலர், போட்ட பணம் திரும்ப 11 வருஷத்துக்கு மேல் ஆகும். அதே வீட்டில் ஒருவர் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார், மதியம் கார் சார்ஜ் ஆகிறது, வாஷிங் மெஷின், டிஷ்வாஷர், கிரைண்டர் எல்லாம் வெயில் நேரத்தில் ஓடுகிறது, சொந்த உபயோகம் 70 சதவீதம் என்றால் சேமிப்பு 2,360 டாலர், ஏழரை வருஷத்தில் வந்துவிடும். பேனல் அதே பேனல்தான்.

இதில் 30 சதவீத வரிச் சலுகையை நான் சேர்க்கவில்லை, ஏனென்றால் அது இனி இல்லை. வீட்டுக்காரர் தானே வாங்கிப் போடும் சோலாருக்கான ஃபெடரல் வரிச் சலுகை 2025 டிசம்பர் 31 உடன் முடிந்துவிட்டது. அந்தத் தேதிக்குள் வேலை முடிந்தவர்கள் மட்டும் படிவம் 5695 மூலம் எடுக்கலாம், அந்த வருட வரிக்கு மேல் மீந்தால் அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகலாம். இன்னும் யாராவது 30 சதவீதம் கழித்த விலையைக் காட்டினால் அந்தக் காகிதத்தை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இங்கேதான் லீஸ் உள்ளே வருகிறது. பேனலைத் தங்கள் பெயரில் வைத்து நமக்கு வாடகைக்கு விடும் நிறுவனங்களுக்கு வேறொரு பிரிவில் சலுகை இன்னும் கொஞ்ச காலம் ஓடும், அதனால் இப்போது எல்லோரும் லீஸைத்தான் தள்ளுவார்கள். முதல் வருட மாதத் தவணையை மட்டும் பார்த்து மயங்காதீர்கள், வருஷா வருஷம் எத்தனை சதவீதம் ஏறும் என்ற வரியைத் தேடுங்கள். 2.9 சதவீதம் என்பது சர்வ சாதாரணம். 180 டாலரில் தொடங்கினால் 25ஆவது வருஷம் சுமார் 357 டாலர். எச்1பி வேலை விசா புதுப்பித்தலுக்கே மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வயிற்றில் புளியைக் கரைத்துக்கொள்கிற நாம், 25 வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது எனக்கு ஒப்பவில்லை. வீட்டை விற்கும்போது வாங்குபவர் அந்த லீஸை ஏற்க வேண்டும், இல்லையென்றால் நாம் பணம் கட்டி முடிக்க வேண்டும்.

கடனில் போடுவதானால் ஒரே ஒரு கேள்வி: "மொத்தப் பணமும் ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை?" வட்டி 2 சதவீதம்தான் என்பார்கள், ஆனால் டீலர் கட்டணத்தை விலையிலேயே ஏற்றியிருப்பார்கள், அது 20 சதவீதத்துக்கு மேலும் போகும். சொத்து வரியோடு சேர்த்துக் கட்டும் பேஸ் கடன் பக்கமே போக வேண்டாம், அது வீட்டின் மேலேயே ஏறி உட்காரும்.

பேட்டரி? மாலை நேர விலைக்குப் பகல் வெயிலைச் சேர்த்து வைக்கலாம், கரண்ட் போனால் கைகொடுக்கும். ஆனால் சலுகை போன பிறகு காசுக் கணக்கில் மட்டும் பார்த்தால் இழுபறிதான். மலையடிவாரத்தில், அடிக்கடி கரண்ட் நிறுத்தும் இடத்தில் வீடு என்றால் நான் போடுவேன்.

சாண்டா கிளாரா நகர எல்லைக்குள் வீடு என்றால் உங்களுக்குக் கரண்ட் தருவது நகரத்தின் சொந்த நிறுவனமான சிலிக்கான் வேலி பவர், யூனிட் விலை பிஜி அண்ட் ஈயில் பாதி அளவுதான். அங்கே சோலாருக்கு அவசரமே இல்லை. பக்கத்து சன்னிவேலில் இருக்கும் நண்பர் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

ஏற்கெனவே பேனல் இருக்கும் வீட்டை வாங்குகிறீர்களா? கிரிட்டில் இணைக்க அனுமதி கிடைத்த தேதியை எழுத்தில் கேளுங்கள். நெம் 2 என்றால் இணைந்த நாளிலிருந்து 20 வருஷம் அந்த விதி வீட்டோடு வரும், மீதி வருஷங்கள் உங்களுக்கு. பிறகு பேனலை இஷ்டத்துக்குக் கூட்டினால் அது போய்விடும்: 1 கிலோவாட் அல்லது 10 சதவீதம், இதில் எது அதிகமோ அதுவரைதான் கூட்டலாம். 2020க்குப் பிறகான புது வீடுகளில் சோலார் கட்டாயம் என்பதால் பேனல் இருக்கும், ஆனால் அது வீட்டோடு வந்ததா பில்டர் கோத்துவிட்ட லீஸா என்று பாருங்கள்.

அப்புறம் நெம் 2 வீட்டில் மாத பில் சின்னதாக வருகிறதே என்று குஷியாக இருந்துவிடாதீர்கள். கரண்ட் கணக்கு வருஷத்துக்கு ஒருமுறை ட்ரூ-அப் என்று மொத்தமாக வரும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் பார்த்துக் கட்டிப் பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி. ஒவ்வொரு மாத பில்லிலும் அதுவரை சேர்ந்த தொகை அச்சாகியிருக்கும், அதைப் பாருங்கள்.

போடுவது என்று முடிவானால் முதலில் அந்த வீட்டில் ஒரு வருஷம் குடியிருந்து பில்லைச் சேருங்கள். மூன்று இடத்தில் விலை வாங்குங்கள், ஒப்பந்ததாரரின் உரிம எண்ணை மாநில ஒப்பந்ததாரர் உரிம வாரியமான சிஎஸ்எல்பியின் தளத்தில் போட்டுப் பாருங்கள். முன்பணமாக 1,000 டாலர் அல்லது 10 சதவீதம், இதில் எது குறைவோ அதற்கு மேல் கேட்பது இங்கே சட்டவிரோதம். கையெழுத்துப் போட்டபின் மனசு மாறினால் மூன்று வேலை நாளுக்குள் ரத்து செய்யலாம், எழுத்தில் கொடுங்கள். கூரைக்கு 15 வருஷம் தாண்டிவிட்டது என்றால் கூரைக்காரரை முதலில் கூப்பிடுங்கள், பேனலைக் கழற்றி மறுபடி மாட்டவே ஆயிரக்கணக்கில் கேட்பார்கள்.