கேமரா முன் உட்கார்ந்ததும் மேடை ஏறிவிடுகிறார்கள்

பதவி இல்லாமலேயே சுற்றியிருப்பவர்களுக்காக ஓடுகிறவர்களை இளைஞர்கள் படமெடுக்கப் போனால் என்னென்ன நடக்கும் என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். எங்கள் குழு அப்படி ஒரு ஆவணப்படத்தை முடித்திருக்கிறது. எடுத்தது முழுக்கக் கல்லூரிப் பிள்ளைகள். நான் கூடவே போய்வந்து, எடிட்டிங்கிலும் உட்கார்ந்தவள்.

இரத்தக் கொடையாளர்களை ஒருங்கிணைக்கும் ஓர் அம்மாவைச் சந்தித்ததைச் சொல்கிறேன். நாற்காலி போட்டு, விளக்கு வைத்து, காலர் மைக் மாட்டி, "உங்களைப் பத்திச் சொல்லுங்கம்மா" என்று ஆரம்பித்தோம். அதுவரை வாசலில் கலகலவென்று பேசிக்கொண்டிருந்தவர் முதுகை நிமிர்த்திக்கொண்டு, "இரத்த தானம் நம் அனைவரின் கடமை" என்று தொடங்கிவிட்டார். சொன்னதெல்லாம் நல்ல கருத்து, ஆனால் அதில் அவரைக் காணவில்லை. பொதுவேலையில் இருப்பவர்களுக்கு வருடக்கணக்காக மேடையில் பேசிப் பழக்கம். கேமராவைக் கண்டதும் அந்தப் பழக்கம்தான் முந்திக்கொண்டு வரும். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும்.

கேமராவைப் பிடித்திருந்த பெண் சட்டென்று, "அம்மா, அந்த நோட்டைக் கொஞ்சம் காட்டுறீங்களா?" என்றாள். மேசையில் கிடந்த நீள நோட்டு. ஒவ்வொரு இரத்த வகைக்கும் தனிப் பக்கங்கள். பெயர், போன் நம்பர், கடைசியாகக் கொடுத்த தேதி. சில பெயர்களுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு பிறை. "இவங்க ராத்திரி எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் எடுப்பாங்க." சில பெயர்களைச் சுற்றி வட்டம். "இந்தத் தம்பியை வீட்டுல இரத்தம் கொடுக்க விடமாட்டாங்க. ஆபீஸ் நேரத்துல மட்டும்தான் கூப்பிடணும்." ஏபி நெகட்டிவ் பக்கத்தில் இரண்டே பெயர்கள். "என் தூக்கத்தைக் கெடுக்கிற பக்கம் இதுதான்" என்றார். எங்களுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்! படத்தில் அவருடைய பகுதி முழுக்க அந்த நோட்டுதான்.

எடிட்டிங்கில் அதுவே ஒரு கேள்வியைக் கிளப்பியது. குளோசப்பில் பெயரும் நம்பரும் பளிச்சென்று தெரிகின்றன. அந்த அம்மா சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார், சரி. நோட்டில் இருப்பவர்கள் போடவில்லையே! எல்லாப் பெயர்களையும் மங்கலாக்கினோம். வீட்டுக்குத் தெரியாமல் கொடுக்கும் தம்பியைப் பற்றிய பேச்சையும் வெட்டினோம். இங்கே ஊர் பேர் இல்லாமல் எழுதலாம். எந்த இடம், யாருடைய நோட்டு என்று தெரிகிற படத்தில் அவரைக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. மனசில்லாமல்தான் வெட்டினோம், ஆனால் அதுதான் சரி.

அப்புறம் சத்தம். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள். ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல் அரை நிமிடம் அந்த அறையின் சத்தத்தை மட்டும் பதிவு செய்துகொள்ளுங்கள். பேச்சை வெட்டிச் சேர்த்த இடங்களில் அதை அடியில் ஓடவிட்டால் ஒட்டு தெரியாது.

* * *

அக்கா, நோட்டு விஷயம் படித்தேன். எங்களுக்கு நடந்தது வேறு மாதிரி. குடியிருப்போர் சங்கத்தை நெடுநாள் நடத்திய பெரியவரைப் பற்றி எடுத்தோம். வெளியில் போடுவதற்கு முன் அவருக்குப் போட்டுக்காட்டுவது என்று முதலிலேயே பேசிவைத்திருந்தோம். இந்த யோசனை கனடாவின் ஃபோகோ தீவில் நடந்ததைப் படித்ததால் வந்தது. தீவு மக்களை வேறிடத்தில் குடியமர்த்தலாமா என்ற பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். 1967இல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தைச் சேர்ந்த காலின் லோ அங்கே போனார். ஒரே பெரிய படமாக எடுக்காமல் 27 சிறு படங்களாக எடுத்து, அந்த மக்களுக்கே போட்டுக்காட்டினார். வேண்டாம் என்று தோன்றுவதை நீக்கச் சொல்லும் உரிமை பேசியவருக்கு இருந்தது. அடுத்த ஊர்க்காரர் என்ன நினைக்கிறார் என்பதைத் திரையில் பார்த்தவர்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். மீனவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள், தீவும் காலியாகவில்லை.

எங்கள் பெரியவர் முழுவதும் பார்த்துவிட்டு ஒரே ஒரு வரியை எடுக்கச் சொன்னார். முன்பு தன்னோடு தகராறு செய்த ஒருவரைப் பற்றி அவரே சொன்ன வரி. "அவர் இப்ப உயிரோட இல்ல தம்பி. பதில் சொல்ல முடியாத ஆளைப் பத்தி நான் பேசினது தப்பு." குழுவில் பெரிய வாக்குவாதம். படத்தின் உயிரே அந்த வரிதான் என்றான் ஒருவன். கடைசியில் எடுத்துவிட்டோம். கூட்டத்தில் கணக்குக் கேட்டபோது பெரியவர் தன்னைப் பேசவிடவில்லை என்று ஒரு பெண் சொன்னது மட்டும் படத்தில் அப்படியே இருக்கிறது. அதை எடுக்கச் சொல்லியிருந்தால் மறுத்திருப்போம். அவர் சொல்லவில்லை. அதற்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

* * *

என் பங்குக்கு ஒன்று. யாரைப் படமெடுப்பது என்று தேடும்போது "இங்க தலைவர் யாரு?" என்று கேட்காதீர்கள். பெயர்ப்பலகையில் இருப்பவரைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். "நடுராத்திரி ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா யாருக்கு போன் பண்ணுவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். எங்களுக்குப் பட்டியலே மாறிப்போனது. வந்த பெயர்களில் பாதிக்கு மேல் பெண்கள். ஆனால் அவர்களில் பலர் "நான் என்ன பெருசா பண்ணிட்டேன், அவரையே எடுங்க" என்று ஒதுங்கிக்கொண்டார்கள். வற்புறுத்தவில்லை. ஓர் அக்கா மட்டும், முகம் வேண்டாம், குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள் என்றார். அந்த ஒலிப்பதிவுதான் எங்களிடம் இருப்பதிலேயே சிறந்தது. அதன் மேல் என்ன காட்சியை ஓட்டுவது என்றுதான் முடிவெடுக்க முடியவில்லை. முகம் காட்டாமல் யாராவது எடுத்திருந்தால், எப்படிச் செய்தீர்கள் என்று எழுதுங்கள். இந்த மாதத்துக்குள் நாங்கள் எடிட்டிங்கை முடிக்க வேண்டும்.