பழங்குடிகள் பாத்திரமாகப் புழங்கும் சுரைக்குடுக்கை, மூங்கில் குழாய், தொன்னை: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

சத்தீஸ்கரில் பஸ்தர் பக்கம் போனவர்கள் தும்பா பார்த்திருப்பீர்கள். நம்ம சுரைக்குடுக்கைதான். ஜகதல்பூர் கடைகளில் அதில் பூவேலைத் துளை போட்டு, உள்ளே பல்பு மாட்டி விளக்காக விற்கிறார்கள். புழக்கத்தில் இருக்கும் தும்பாவைப் பார்க்க வாரச்சந்தைக்குத்தான் போக வேண்டும். அங்கே கோண்டு பழங்குடிப் பாட்டி ஒருவர் தோளில் தொங்கிய குடுக்கையிலிருந்து கேழ்வரகுக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தார். மண்டியா பேஜ் என்கிறார்கள். விடியலில் ஊற்றியதாம், உச்சி வெயிலிலும் சில்லென்று இருந்தது. குடுக்கையின் கழுத்து கைபட்டுக் கைபட்டுக் கறுத்துப் பளபளத்தது. மூடி கிடையாது; இலையைச் சுருட்டி வாயில் செருகியிருந்தார்.

எப்படிச் செய்வது என்று கேட்டேன், ஓட்டுநர் மொழிபெயர்த்தார். காய் கொடியிலேயே முற்ற வேண்டும், நகம் வைத்தால் இறங்கக் கூடாது. பிஞ்சில் பறித்தால் காயும்போது சூம்பிவிடும். காம்புப் பக்கம் துளைத்துத் தண்ணீர் ஊற்றி வைத்தால் உள்சதை அழுகும். அப்புறம் கூழாங்கல் போட்டுக் குலுக்கி விதையோடு கொட்டிவிட்டுக் காயவைப்பது. கசப்பு போகும்வரை தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும், அதுதான் பொறுமையைச் சோதிக்கிற வேலை. நீளக்கழுத்துச் சின்னக் காய் கிடைத்தால் வயிற்றில் ஒரு வாய் வெட்டி அகப்பையாக்கிவிடுகிறார்கள்.

*

நான் பார்த்தது ஆந்திராவின் அரக்கு பள்ளத்தாக்கில், மூங்கில் குழாயில் வேகவைக்கும் மூங்கில் கோழி. சுற்றுலாக் கடைதான், ஆனால் சமைத்தவர் மலைக்காரர். ஒரு பக்கம் கணுவை விட்டு வெட்டிய பச்சை மூங்கில், கணுவே அடிப்பாகம். மசாலா தடவிய கறியைத் திணித்து, வாயை இலையால் இறுக அடைத்து, தணலில் உருட்டிக்கொண்டே இருந்தார். எண்ணெய் சொட்டுகூட இல்லை. வெளித்தோல் கரியாகிறது, உள்ளே மூங்கிலின் ஈரமே ஆவியாகிக் கறியை வேகவைக்கிறது. காய்ந்த மூங்கில் என்றால் பாத்திரமே விறகாகிவிடும். வெந்ததும் இலையை உருவி, குழாயைக் கவிழ்த்துத் தட்டினார். கரிந்த குழாய் அப்படியே அடுப்புக்குப் போனது, பாத்திரம் தேய்க்கும் வேலையே இல்லை! மசாலா என்னவோ கடை மசாலா மாதிரிதான், அதை விடுங்கள்.

2006 வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வனப்பொருள் பட்டியலில் சேர்த்திருக்கிறது. காட்டு மூங்கிலைச் சேகரிக்கவும் விற்கவும் பழங்குடிகளுக்கு உரிமை உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை.

*

பஸ்தர் சந்தையில் தொன்னையைக் கவனிக்கவில்லையா? லாந்தா என்ற அரிசிக் கள்ளை அதில்தான் ஊற்றுவார்கள். இலையை மடித்து மெல்லிய மூங்கில் குச்சியால் குத்தியிருப்பார்கள். கண் எதிரே இரண்டு மடிப்பில் ஒருவர் செய்து நீட்டினார், ஒரு சொட்டு ஒழுகவில்லை. நான் மடித்தது மடியிலேயே கொட்டியது.

அப்புறம், அலங்காரத் தும்பா வாங்கியவர்கள் அதில் தண்ணீர் ஊற்றிக் குடித்துவிடாதீர்கள். பளபளப்புக்கு வார்னிஷ் அடித்திருக்கலாம். குடிக்க வேண்டும் என்றால் சாயமோ பூச்சோ இல்லாத குடுக்கையாகக் கேட்டு வாங்குங்கள். முகர்ந்து பாருங்கள், வார்னிஷ் வாடை இருந்தால் வைத்துவிடுங்கள்.